காதில் விழுந்ததை எழுத: பேச்சொலியை ஐபிஏ குறியீட்டில் பதிவதற்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் முதுகலை படித்தபோது, ஏற்காட்டுப் பக்கம் வாழும் பெரியவர்கள் ஆறு பேரின் பேச்சைப் பதிவு செய்து, ஒலிக்குறியீட்டில் எழுதி ஆய்வேடாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது. அதில் பாதி நாள், யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அந்த வார்த்தைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். மொழியியல், தமிழ், ஆங்கிலம் படிக்கிற மாணவர்களுக்கும், பேச்சுப் பயிற்சிப் படிப்பில் சேர்ந்திருப்பவர்களுக்கும், வீட்டுப் பாட்டியின் பேச்சை ஒழுங்காகப் பதிந்து வைக்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

ஐபிஏ என்பது எந்த மொழியின் பேச்சொலியையும் எழுதுவதற்கான பன்னாட்டு ஒலியெழுத்து முறை. அதன் குறியீடுகளின் வடிவத்தைச் சொல்லாலேயே விவரித்திருக்கிறேன். ஐபிஏ அட்டவணையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. எவ்வளவு நுட்பமாக எழுதப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே பேச்சை இரண்டு விதமாக எழுதலாம். பொருளை மாற்றுகிற ஒலி வேறுபாடுகளை மட்டும் எழுதுவது பரந்த முறை. அதை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் எழுத வேண்டும். வாயில் உண்மையில் நடந்ததை முடிந்த அளவு எழுதுவது நுண் முறை. அதற்குச் சதுர அடைப்பு. தமிழில் ‘பல்லி’, ‘பள்ளி’ இரண்டும் வேறு சொற்கள். அதனால் ல், ள் வேறுபாடு இரண்டு முறையிலும் வர வேண்டும். ‘பாம்பு’ என்பதில் முதல் ப ஒரு மாதிரியும் இரண்டாவது ப வேறு மாதிரியும் ஒலிக்கிறது. ஆனால் அந்த வேறுபாட்டால் தமிழில் பொருள் மாறாது. அது நுண் முறையில் மட்டும் வந்தால் போதும்.

இதை முடிவு செய்யாமல் தொடங்கினால் ஒரு பக்கத்தில் நுட்பமாகவும் அடுத்த பக்கத்தில் பொதுவாகவும் எழுதிக்கொண்டு போவீர்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. முதல் இருபது பக்கத்தையும் திரும்ப எழுதினேன். என் பரிந்துரை இது: முழுப் பதிவையும் பரந்த முறையில் எழுதுங்கள். ஆய்வுக்குத் தேவையான சொற்களை மட்டும், ஆளுக்கு ஐம்பது அறுபது, நுண் முறையில் எழுதுங்கள். ஆய்வு வழிகாட்டியிடம் முதல் வாரமே இதைச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. அட்டவணையில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுங்கள்

பன்னாட்டு ஒலியியல் சங்கத்தின் அட்டவணை ஒரே பக்கம். இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 2020 வரை திருத்தப்பட்டது என்று மேலே அச்சிட்டிருக்கும் பதிப்பை எடுத்து, ஏ3 தாளில் பெரிதாக ஜெராக்ஸ் போட்டு மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துகள் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். தமிழ்ப் பேச்சுக்கு முப்பத்தைந்து நாற்பது குறிகள் போதும். அவற்றுக்கு மட்டும் சிவப்பு வட்டம் போடுங்கள்.

மெய்யொலிப் பகுதியை வாய்க்குள் இருக்கும் வரைபடமாகப் பாருங்கள். இடது ஓரம் உதடு, வலது ஓரம் தொண்டை. மேலிருந்து கீழே வரும் வரிசைகள், காற்று எப்படித் தடுக்கப்படுகிறது என்பதைச் சொல்கின்றன: முழுக்க அடைத்துத் திறப்பது, மூக்கு வழியாக விடுவது, நாக்கு அதிர்வது, உரசுவது என்று. ஒரே கட்டத்தில் இரண்டு எழுத்து இருந்தால், இடப்பக்கம் இருப்பது தொண்டை அதிராமல் வருவது, வலப்பக்கம் இருப்பது அதிர்ந்து வருவது.

தமிழருக்கு ஒரு நல்ல சேதி. ட, ண, ள, ழ போன்ற வளைநா ஒலிகளின், அதாவது நாக்கு நுனியை மேலே வளைத்துச் சொல்லும் ஒலிகளின், குறிகள் எல்லாவற்றுக்கும் கீழே வலப்பக்கமாக வளைந்த வால் உண்டு. ஆங்கில டி (t) எழுத்துக்கு அந்த வாலைப் போட்டால் ‘பட்டு’வின் ட். எல் எழுத்துக்குப் போட்டால் ள். ஆர் எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வாலைப் போட்டால் ழ. இந்த ஒரு விதி தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

மூன்று மூக்கொலிக் குறிகள் மட்டும் கண்ணை ஏமாற்றும். எல்லாமே என் எழுத்தின் உருவம்தான். ண்-க்கு வலது கால் நீண்டு வலப்பக்கம் வளையும். ங்-க்கு அதே வலது கால் நீண்டு இடப்பக்கம் வளையும். ஞ்-க்கு இடது கால் நீண்டு இடப்பக்கம் வளையும். இவற்றை ஒரு தாளில் பத்து முறை கையால் எழுதிப் பழகுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டதால் ஒரு அத்தியாயம் முழுக்க ங் இருக்க வேண்டிய இடத்தில் ண் இருந்தது.

3. தமிழ் எழுத்தை ஒலி என்று நம்பாதீர்கள்

நேரம் அதிகம் போகும் இடம் இதுதான். இதற்கு இரண்டு வாரம் முழுசாக ஒதுக்குங்கள்.

என் முதல் பக்கத்தை வழிகாட்டி திருப்பிக் கொடுத்தபோது அதில் நாற்பத்தொரு சிவப்பு வட்டம் இருந்தது. குறிகள் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் எழுதியது நான் பதிவு செய்த அம்மா பேசிய பேச்சை அல்ல. அந்தப் பேச்சுக்கான தமிழ் எழுத்துக்கூட்டலைக் குறியீட்டில் மாற்றி எழுதியிருந்தேன். அவர் சொன்னது, ‘கெணத்துல தண்ணியே இல்ல கண்ணு’. நான் எழுதி வைத்தது கிணற்றில், தண்ணீரே என்கிற மாதிரி.

அந்த ஒரு வரியை மெதுவாகப் பார்ப்போம். முதல் ஒலி க், தொண்டை அதிராதது. அடுத்து எ, கிணறு என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தால் இ வந்துவிடும், ஆனால் அந்த அம்மா வாயில் வந்தது எ. பேச்சில் இ, உ ஆகியவை அடுத்த அசையில் அ அல்லது ஐ இருந்தால் இறங்கி எ, ஒ ஆகிவிடுகின்றன: இடம் எடமாகிறது, இலை எலையாகிறது, உடம்பு ஒடம்பாகிறது. பிறகு வால் வலப்பக்கம் வளைந்த ண். பிறகு ற்ற என்று எழுத்தில் இருப்பது பேச்சில் த்த ஆகிவிட்டது; டி (t) எழுத்துக்குக் கீழே சின்னப் பாலம் மாதிரி ஒரு குறி போட்டால் அது பல்லில் படும் த். அதை இரண்டு முறை எழுதலாம், இல்லை ஒரு முறை எழுதி நீட்டல் குறி போடலாம். எதைத் தேர்ந்தாலும் கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். ‘துல’ என்பதில் வரும் உகரத்துக்கு உதடு குவியவே இல்லை. இலக்கணத்தில் படித்த குற்றியலுகரம் நினைவுக்கு வரட்டும். கடைசியில் வரும் ‘கண்ணு’விலும் அதே உகரம்தான். அதற்குக் குறி, தலைகீழாகத் திருப்பிய எம். யூ போட்டால் உதடு குவிந்ததாகப் பொருள், அது தவறு.

இனி மற்ற பொறிகள். க என்ற ஒரே எழுத்துக்குப் பின்னால் குறைந்தது மூன்று ஒலி இருக்கின்றன. ‘கல்’லில் அதிராதது. ‘அங்கே’யில் அதிர்வது. ‘பகல்’ என்பதில் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் வாயில் அதிரும் க், சிலர் வாயில் அடைப்பே இல்லாமல் உரசல், சிலர் வாயில் கிட்டத்தட்ட ஹ. எழுத்தைப் பார்த்து எழுதினால் இது எதுவும் தெரியாது. ச-வும் அப்படியே. ‘பச்சை’யில் ஒன்று, ‘மஞ்சள்’ளில் ஒன்று, ‘சேலம்’ என்பதில் பெரும்பாலும் ஸ.

சேலம் என்ற சொல்லின் கடைசியையும் கவனியுங்கள். பழைய பஸ் நிலையத்தில் கண்டக்டர் வேகமாகக் கூப்பிடும்போது அவர் உதட்டைப் பாருங்கள். ம் வருகிறது என்றால் உதடு மூட வேண்டும். சாதாரணப் பேச்சில் பெரும்பாலும் மூடாது. முன்னால் இருக்கும் உயிரொலியே மூக்கு வழியாகப் போய், ஒகரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். மரம், பழம், பணம் எல்லாமே இப்படித்தான். ‘அவன்’, ‘வந்தான்’ என்பதன் கடைசி ன்-உம் இதே கதை. இதை எழுத, உயிரொலிக் குறிக்கு மேலே அலை மாதிரி ஒரு சிறு கோடு போட வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் நின்று ‘மரம்’ என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், பிறகு ‘மரமும்’ என்று சொல்லுங்கள். இரண்டாவதில் நடுவில் உதடு மூடும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குக் காதிலும் கேட்கத் தொடங்கியது.

சொல்லின் தொடக்கத்தில் எ, ஏ வந்தால் முன்னால் மெல்லிய ய் ஒட்டிக்கொள்ளும். ஒ, ஓ வந்தால் வ் ஒட்டும். சந்தேகம் இருந்தால் மலையேறும் வழியில் ஆங்கிலப் பலகையைப் பாருங்கள். ஏற்காட்டை ஒய் எழுத்தில்தான் தொடங்கியிருப்பார்கள். அன்றைக்கு எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். தமிழ் எழுத்துக்குப் பழகிய நம் காதுக்கு அது கேட்பதில்லை.

ஆங்கிலத்தில் பெயர் எழுதும் பழக்கமும் குறுக்கே வரும். த-வுக்கு டிஎச் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஐபிஏ-இல் மேலே சின்னதாக எழுதும் ஹெச், மூச்சு சேர்ந்து வருவதைக் குறிக்கும். இந்திக்கு வேண்டும், தமிழ்த் த-வுக்கு வேண்டாம். வ-வுக்கும் நேர் வி போடாதீர்கள். மேல் வலது முனை சுருண்ட ஒரு வி இருக்கிறது, அதுதான் நம் வ-வுக்கு நெருக்கம். நேர் வி போட்டால் உதட்டில் உரசல் இருப்பதாக ஆகிவிடும்.

ழ-வைப் பற்றி ஒரு வார்த்தை. பேசுபவர் ‘பளம்’ என்று சொன்னால் ள் என்றே எழுதுங்கள். தவறாகச் சொல்கிறாரே, திருத்திவிடலாம் என்று தோன்றும். திருத்தினால் உங்கள் ஆய்வேட்டில் அவர் இல்லை, பாடநூல்தான் இருக்கும்.

4. தாள்களைத் தயார் செய்துகொண்டு மலையேறுங்கள்

முதலாவது, துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம். பெயர், படிப்பு, என்ன பதிவு செய்யப் போகிறீர்கள், எந்த மாதம் வரை என்ற விவரம் தமிழில் இருக்கட்டும். ஐந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்தால் திரும்ப வராது. காபி எஸ்டேட்டுக்குள் இருக்கும் குடியிருப்பு என்றால் வாசலிலேயே இதைக் கேட்பார்கள். முந்தைய நாள் மாலை போனில் பேசிவிட்டுப் போனால் ஒரு பயணம் மிச்சம்.

இரண்டாவது, ஒப்புதல் படிவம். இதில் சோம்பல் வேண்டாம். எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள், பெயர் வெளியே வருமா, எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாமா, இந்த நான்கும் எளிய தமிழில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குபவர்களிடம் கைநாட்டு வாங்குவதைவிட, படிவத்தைப் படித்துக் காட்டி, சம்மதம் என்று அவர் சொல்வதைப் பதிவின் தொடக்கத்திலேயே பதிந்துகொள்வது நல்லது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தாத்தா இரண்டு மணி நேரம் மனசு விட்டுப் பேசினார். படிவம் எடுத்துப் போகவில்லை. மறுவாரம் அவர் மகன் கூப்பிட்டு, குடும்ப விஷயம் எல்லாம் அதில் இருக்கிறது, வேண்டாம் என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. முழுசாக அழித்தேன். முன்பே விளக்கியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தவிர்த்துப் பேசியிருப்பார். சில நிறுவனங்களில் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் கேட்பார்கள். அதற்கு வாரக் கணக்கில் ஆகும், முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

மூன்றாவது, பேசுபவர் விவரத் தாள். பெயருக்குப் பதில் ஒரு எண் கொடுங்கள். வயது, பிறந்த ஊர், எத்தனை வருடம் எங்கே இருந்தார், தாய்மொழி, வீட்டில் வேறு மொழி உண்டா, எவ்வளவு படித்தார். சேலத்தில் தெலுங்கோ கன்னடமோ சௌராட்டிரமோ வீட்டில் பேசிவிட்டு வெளியே தமிழ் பேசுபவர்கள் ஏராளம். கேட்காமல் விட்டால் பிறகு காரணம் தெரியாத ஒலி வேறுபாட்டுக்கு விளக்கம் தேடிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்றையும் மரியாதையாகக் கேட்டுக் குறியுங்கள்: முன்பற்கள் இருக்கின்றனவா, பல்செட் உண்டா, வாயில் வெற்றிலை இருக்கிறதா. த், ந் போன்ற பல்லொலிகள் மாறுவதற்கு இது போதும்.

5. பதிவு செய்யும்போது

கோப்பு வேவ் வடிவில் இருக்க வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், மோனோ. இந்த அமைப்பில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5.3 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 320 எம்பி பக்கம் வரும். போனிலேயே பதியலாம், ஆனால் போனோடு வரும் ரெக்கார்டர் பெரும்பாலும் சுருக்கித்தான் சேமிக்கும். வேவ் வடிவில் சேமிக்கும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். பதிந்ததை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பி, அதிலிருந்து திரும்ப எடுத்து வேலை செய்யவே கூடாது. சுருக்கும்போது மேல் அலைவரிசை அடிபடும். ஸ, ஷ வேறுபாடெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கேபிள் வழியாகவோ மெமரி கார்டு வழியாகவோ மாற்றுங்கள். சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்கினால் பெரிய வித்தியாசம் தெரியும். வாய்க்கு ஒரு சாண் கீழே, சற்றுப் பக்கவாட்டில் மாட்டுங்கள். நேர் எதிரே இருந்தால் ப் வரும்போதெல்லாம் காற்று மோதும். அம்மாக்கள் சேலைத் தலைப்பை இழுத்து விடுவார்கள், மைக்கில் உரசும். ரவிக்கையின் தோள் பக்கம் மாட்டச் சொல்லுங்கள்.

இடம் முக்கியம். கீழே சேலத்தில் அம்மாபேட்டை, குகைப் பக்கம் என்றால் தறிச் சத்தம்; தறி ஓடாத நேரம் எது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அதைக் கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். மேலே ஏற்காட்டில் தறி இல்லை, பூச்சிகள் இருக்கின்றன. பொழுது சாய்ந்ததும் சில்வண்டு தொடங்கினால் நிற்காது. அந்த ரீங்காரம் உரசொலிகளின் மேல் படியும். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைக்கு மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எனக்குச் சரியாக அமைந்தது. மின்விசிறி, பிரிட்ஜ் இரண்டையும் அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிடாமல் இருக்க, உங்கள் போனை அதன் மேலேயே வைத்துவிடுங்கள்.

மாதத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் களைத்திருப்பார்கள். ஏப்ரல், மே கூட்டம். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும் வரை சரியான காலம். நான் டிசம்பரில் போய் நான்கு பயணத்தை வீணாக்கினேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். மைக் 1,100 ரூபாய், காதை மூடும் வயர் ஹெட்போன் 1,400, மெமரி கார்டும் பென்டிரைவும் 600, ஒன்பது முறை போய் வந்த பஸ், சாப்பாடு 1,800. வேலையை விட்டு உட்கார்ந்த ஆறு பேருக்கும் ஆளுக்கு 500 கொடுத்தேன். கடைசியில் பிரின்ட், பைண்டிங் 2,400. பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டியது. ஹெட்போனில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். புளூடூத் வேண்டாம்.

6. எதைப் பேசச் சொல்வது

சொற்பட்டியலை எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்லாதீர்கள். எழுத்தைப் பார்த்ததும் வாய் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடும். ‘கிணறு’ என்று எழுதியிருந்தால் கிணறு என்றே வாசிப்பார். படம் காட்டுங்கள், பொருளையே காட்டுங்கள், வீட்டைச் சுற்றி நடந்து இது என்னங்க, அது என்னங்க என்று கேளுங்கள். குச்சிக்கிழங்கைக் கையில் எடுத்துக் கேட்டால் ‘மரவள்ளி’ என்று புத்தகச் சொல் வராது.

ஒவ்வொரு சொல்லும் மூன்று முறையாவது வேண்டும். தனியாகச் சொல்ல வைத்தால் பட்டியல் ராகம் வந்துவிடும், கடைசிச் சொல்லில் குரல் இறங்கிவிடும். அதனால் சொல்லை ஒரு வாக்கியத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். ‘நான் பழம்னு சொன்னேன்’ என்பது மாதிரி. இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘பழம்னு’ என்னும்போது ம் திரும்பி வந்துவிடும். சொல்லின் கடைசி ஒலிதான் உங்களுக்கு வேண்டும் என்றால், சொல் வாக்கியத்தின் முடிவில் வரும்படி வேறு வாக்கியம் அமையுங்கள். பட்டியல் முடிந்ததும் இருபது நிமிடம் கதை கேளுங்கள். சிறு வயதில் மலையிலிருந்து சேலத்துக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டால் நிற்காமல் பேசுவார்கள். நல்ல ஒலி அத்தனையும் அதில்தான் கிடைத்தது.

7. உட்கார்ந்து எழுதுதல்

பிராட் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஒலிக்கோப்பைத் திறந்து, அதற்கு டெக்ஸ்ட்கிரிட் ஒன்று உருவாக்குங்கள். ஒலி அலைக்குக் கீழே எழுதுவதற்கான வரிகள் வரும். எனக்கு மூன்று வரி போதுமாக இருந்தது: சாதாரணத் தமிழில் சொல், ஐபிஏ, சந்தேகக் குறிப்பு. மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். தெரியாத இடத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால், பத்து நாள் கழித்து அது உறுதியாகத் தெரிந்த மாதிரி தோற்றம் தரும்.

இரண்டு விஷயம் புதியவர்களைக் குழப்பும். திரையில் பத்து நொடிக்கு மேல் தெரியும்படி வைத்தால் அலைமாலைப் படம், அதாவது எந்த அலைவரிசையில் ஒலி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கறுப்பு வெள்ளையில் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம், வராது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், உள்ளே பெரிதாக்குங்கள். அப்புறம், பிராட் தானாகச் சேமிக்காது. டெக்ஸ்ட்கிரிட்டைத் தனியாகச் சேமிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமியுங்கள். பதினெட்டாம் தேதி மின்சாரம் போனபோது என் ஒரு நாள் வேலை போனது, அதனால் தேதியோடு நினைவிருக்கிறது.

காது முடிவு செய்ய முடியாத இடத்தில் படத்தைப் பாருங்கள். ‘தப்பி’ என்று சொன்னால் நடுவில் வெள்ளையாக ஒரு இடைவெளி தெரியும், தொண்டை நின்றிருக்கிறது. ‘தம்பி’ என்று சொன்னால் அந்த இடத்திலும் அடியில் கறுப்புப் பட்டை தொடர்ந்து ஓடும். தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. க, ட, த, ப எங்கே அதிர்கிறது என்ற சண்டை எல்லாம் இந்தப் பட்டையில் தீரும். நாக்கு எங்கே பட்டது என்பதைப் படத்தில் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். தொடக்கத்தில் அதைக் காதிடமும் உங்கள் சொந்த வாயிடமும் விடுங்கள்: கேட்ட ஒலியை நீங்களே சொல்லிப் பார்த்து, பதிவோடு ஒத்துப்போகும் வரை நாக்கை நகர்த்துங்கள்.

ஒரே தடவையில் மூன்று நொடிக்கு மேல் கேட்காதீர்கள். அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து டேப் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது மட்டும் ஒலிக்கும். முதல் வாரத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. கடைசி மாதத்தில் ஒரு மணி நேரம். இதை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் எவ்வளவு எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் பதிந்துவிட்டு எல்லாவற்றையும் எழுதுவேன் என்று சொல்லி வந்த நண்பரை நான் அறிவேன். அவர் ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப்போனது. ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒழுங்காக எழுதினால் முதுகலைக்கு நிறைவாகவே இருக்கும். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எழுதினால் காது மரத்துப்போகும், எல்லா ர-வும் ற-வாகக் கேட்கும்.

8. தட்டச்சும் பிரின்டும்

டௌலாஸ் எஸ்ஐஎல் அல்லது கேரிஸ் எஸ்ஐஎல் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். குறிகளைத் தட்டச்சு செய்ய இணையத்தில் ஐபிஏ விசைப்பலகைகள் இருக்கின்றன. சொடுக்கி நகலெடுத்து ஒட்டலாம்.

நீட்டல் குறிக்கு முக்காற்புள்ளியைப் போட்டு விடாதீர்கள். பார்க்க ஒன்று போல இருந்தாலும், ஐபிஏ குறி ஒன்றையொன்று நோக்கும் இரண்டு சின்ன முக்கோணம், அதற்கென்று தனி யூனிகோட் எண் உண்டு. ஜி எழுத்திலும் இதே பொறி, விசைப்பலகை ஜி-க்கும் ஐபிஏ ஜி-க்கும் வேறு வேறு எண். பிறகு ஒரு குறியைக் கோப்பு முழுக்கத் தேடும்போது பாதி கிடைக்காது.

சேலத்தில் ஆய்வேட்டை டிடிபி கடையில் கொடுப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்: பாமினி போன்ற பழைய எழுத்துருவிலா, யூனிகோடிலா? பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் உங்கள் ஒலிக்குறிகள் கட்டங்கட்டமாகவோ சம்பந்தமில்லாத தமிழ் எழுத்தாகவோ மாறும். தமிழ் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கடையில் சொல்வார்கள். என்னுடையதில் பிரின்ட் போட்ட பிறகுதான் தெரிந்தது. 140 பக்கம் வீண். நீங்களே யூனிகோடில் அடித்து, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக்கி, அதை மட்டும் கடைக்குக் கொடுங்கள். குறிகள் நெருக்கமாக வரும் ஒரு பக்கத்தை முதலில் பிரின்ட் எடுத்து, கீழே இருக்கும் பாலமும் மேலே இருக்கும் அலைக்கோடும் ஒட்டாமல் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஐந்து பிரதி போடச் சொல்லுங்கள்.

9. இன்னொரு காது

கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒலிக்குறி தெரிந்த நண்பர் ஒருவரிடம் இரண்டு நிமிடப் பதிவை மட்டும் கொடுத்து, உங்கள் எழுத்தைக் காட்டாமல் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் அருகருகே வையுங்கள். எங்களுடையதில் ஏறக்குறைய எல்லா வேறுபாடும் ர-ற இடங்களிலும், சொல் முடிவில் வரும் உயிரொலிகளிலும்தான் இருந்தன. அந்த இடங்களை மட்டும் முழுக் கோப்பிலும் மறுபடி கேட்டேன். மூன்று நாள் ஆனது. எத்தனை சொல்லில் ஒத்துப்போனது என்ற கணக்கை ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியாக அதுதான் வரும்.

எல்லாம் முடிந்ததும் பேசியவர்களிடம் பதிவைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் வையுங்கள். நான் பென்டிரைவில் கொண்டு போனேன். அதைச் செருக ஒருவர் வீட்டிலும் கணினி இல்லை. கெணத்துல தண்ணியே இல்ல என்று சொன்ன அம்மாவின் பேரன், வாட்ஸ்அப்பிலயே அனுப்பிடுங்கண்ணா என்றான். மூலக் கோப்பு உங்களிடம் பத்திரமாக இருக்கும்போது அப்படி அனுப்புவதில் தவறில்லை. ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடத் துண்டாக வெட்டி அனுப்புங்கள், பெரிய கோப்பு அவர்கள் போனில் இறங்காது.